பயாஸ் அமைவு நிரல்

பயாஸ் அமைவு நிரல் என்பது, கணினியின் வன்பொருள் எவ்வாறு இயங்க வேண்டும் என்பதைப் பயனர் தெரிவு செய்வதற்காகத் தாய்ப்பலகையிலேயே பதிந்து வைக்கப்பட்டுள்ள ஒரு சிறு நிரல் ஆகும். விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளம் நினைவகத்தில் ஏற்றப்படுவதற்கு முன்னரே இந்நிரல் இயங்கும். நாள், நேரம், எந்தத் தட்டிலிருந்து கணினி தொடங்க வேண்டும் என்னும் வரிசை, நினைவகத்தின் வேகம், கடவுச்சொல் முதலியவற்றை இதன்மூலம் மாற்றலாம்.

இந்நிரலில் செய்யப்படும் தெரிவுகள் வன்தட்டில் எழுதப்படுவதில்லை. அவை தாய்ப்பலகையில் உள்ள தனி நினைவகம் ஒன்றில் எழுதப்படுகின்றன. ஆதலால், வன்தட்டை முற்றிலும் அழித்துவிட்டு இயங்குதளத்தை மீண்டும் நிறுவினாலும் இவ்வமைப்புகள் பெரும்பாலும் மாறுவதில்லை. தவறாகச் செய்த மாற்றங்களுள் பெரும்பாலானவற்றை எளிதில் பழைய நிலைக்குத் திருப்பலாம். சிலவற்றை மட்டும் திருப்ப இயலாது. இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை அறிந்திருப்பது, இந்நிரலைப் பயன்படுத்துவோருக்கு மிகவும் இன்றியமையாதது.

பெயர்

பயாஸ் என்பது "அடிப்படை உள்ளீட்டு வெளியீட்டு முறைமை" எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கமாகும். கேரி கில்டால் 1970களின் நடுப்பகுதியில் உருவாக்கிய சிபி/எம் இயங்குதளத்தில் இப்பெயர் முதன்முதலில் வழங்கியது. அதில், குறிப்பிட்ட வன்பொருளோடு நேரடியாகப் பேசும் பகுதி மட்டும் பயாஸ் எனப்பட்டது. பின்னர் ஐபிஎம் தனிமேசைக் கணினியில், சில்லில் நிலையாகப் பதிக்கப்பட்ட தொடக்க மென்பொருளுக்கு அப்பெயர் நிலைத்துவிட்டது. இவ்வாறு சில்லில் பதிக்கப்படும் மென்பொருளைப் பொதுவாக நிலைபொருள் என்பர்.

பயாஸ், பயாஸ் அமைவு நிரல், சீமாஸ் ஆகிய மூன்றும் பேச்சுவழக்கில் ஒன்றுக்கு மற்றொன்றாக வழங்கினாலும் அவை வெவ்வேறானவை. பயாஸ் என்பது கணினியைத் தொடக்கும் நிலைபொருள். அமைவு நிரல் என்பது அதன் ஒரு பகுதி. பயனர் கண்ணால் காணும் பட்டித் திரை அதுவே. சீமாஸ் என்பது தெரிவுகள் சேமிக்கப்பட்ட நினைவகத்தின் பெயர். உண்மையில் அச்சொல் சில்லு தயாரிக்கப்படும் தொழில்நுட்பத்தையே குறிக்கும்.

வரலாறு

ஆளிகளின் காலம்

1981ஆம் ஆண்டு வெளிவந்த ஐபிஎம் தனிமேசைக் கணினியில் அமைவு நிரல் எதுவும் இல்லை. தாய்ப்பலகையில் எட்டெட்டு ஆளிகள் கொண்ட இரண்டு தொகுதிகள் இருந்தன. எத்தனை நெகிழ்வட்டு இயக்கிகள் உள்ளன, எவ்வளவு நினைவகம் உள்ளது, எவ்வகைத் திரை இணைக்கப்பட்டுள்ளது என்பவற்றை இந்த ஆளிகளை மேலும் கீழும் தள்ளியே கணினிக்குத் தெரிவிக்க வேண்டும். நினைவகம் கூட்டப்பட்டால் கணினியின் மூடியைத் திறந்து ஆளியையும் மாற்ற வேண்டியிருந்தது.

சீமாஸ் நினைவகம்

1984ஆம் ஆண்டு வெளிவந்த ஐபிஎம் ஏடி கணினி இம்முறையைப் பெரிதும் மாற்றியது. அதில் மோட்டோரோலா நிறுவனத்தின் எம்சி146818 என்னும் கடிகாரச் சில்லு பொருத்தப்பட்டது. அச்சில்லில் 64 பைட்டு நினைவகம் இருந்தது. முதல் 14 பைட்டுகள் கடிகாரத்திற்கும் அதன் கட்டுப்பாட்டிற்கும் உரியவை. எஞ்சிய 50 பைட்டுகள் வன்பொருள் அமைப்புகளைச் சேமிக்கப் பயன்பட்டன. கணினி அணைக்கப்பட்டிருக்கும்போதும் ஒரு மின்கலம் அச்சில்லுக்கு மின்சாரம் வழங்கியது.

எனினும் அமைவு நிரல் அப்போது சில்லில் இல்லை. கணினியுடன் வழங்கப்பட்ட ஒரு நெகிழ்வட்டில் இருந்தது. அந்த வட்டு தொலைந்துபோனாலோ பழுதுபட்டாலோ அமைப்புகளை மாற்றுவது கடினமாயிற்று. ஐபிஎம் கணினியுடன் ஒத்தியங்கும் கணினிகளுக்கான பயாஸை பீனிக்ஸ், அவார்டு, அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ் ஆகிய நிறுவனங்கள் எழுதின. அமைவு நிரலையும் பயாஸ் சில்லிலேயே சேர்த்து வைக்கும் வழக்கம் 1980களின் பிற்பகுதியில் இத்தகைய கணினிகளில் பரவியது. கணினி தொடங்கும்போது ஒரு விசையை அழுத்தி அமைவு நிரலுக்குள் நுழையும் முறை இவ்வாறு நிலைபெற்றது. அவார்டு நிறுவனம் 1998இல் பீனிக்ஸுடன் இணைந்தது.

யுஇஎஃப்ஐ

பழைய பயாஸ் 16 பிட்டு முறையில் எழுதப்பட்டது. அதன் குறைகளைக் களைவதற்காக இன்டெல் நிறுவனம் 1990களின் இறுதியில் இட்டானியம் செயலிக் கணினிகளுக்கென ஒரு புதிய இடைமுகத்தை வகுத்தது. 2005இல் பல நிறுவனங்கள் கூடி அமைத்த மன்றம் அதனை யுஇஎஃப்ஐ என்னும் பொதுத் தரமாக வளர்த்து வருகிறது. 2010களில் இது பழைய பயாஸின் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டது. யுஇஎஃப்ஐ கணினிகள் பலவற்றின் அமைவு நிரலில் சுட்டியையும் பயன்படுத்தலாம். ஆயினும் பயனர்களும் தயாரிப்பாளர்களும் இன்றும் அதனைப் பயாஸ் என்றே அழைக்கின்றனர். இக்கட்டுரையிலும் அச்சொல் இரண்டிற்கும் பொதுவாகவே ஆளப்படுகிறது.

செயற்படும் முறை

கணினிக்கு மின்சாரம் வந்தவுடன் மையச் செயலி முதலில் நிலைபொருளில் உள்ள கட்டளைகளையே நிறைவேற்றுகிறது. அது பின்வரும் வரிசையில் செயற்படுகிறது.

1. செயலி, நினைவகம், திரை, விசைப்பலகை ஆகியவை சரியாக உள்ளனவா எனச் சோதிக்கிறது. இது தொடக்கத் தன்சோதனை எனப்படும். திரை இயங்கும் முன்னரே பிழை ஏற்பட்டால் ஒலிக்குறிப்புகள் மூலம் தெரிவிக்கும். இவ்வொலிகளின் பொருள் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேறுபடும்.
2. சேமிக்கப்பட்ட அமைப்புகளைப் படிக்கிறது. அவற்றோடு ஒரு சரிபார்ப்புத் தொகையும் சேமிக்கப்பட்டிருக்கும். படித்த மதிப்புகளிலிருந்து கணக்கிட்ட தொகை அதனோடு பொருந்தாவிட்டால், அமைப்புகள் சிதைந்துவிட்டன எனக் கொண்டு தயாரிப்பாளர் வகுத்த இயல்பிருப்பு மதிப்புகளை ஏற்றுக்கொள்கிறது.
3. அமைவு நிரலுக்கான விசை அழுத்தப்பட்டுள்ளதா எனப் பார்க்கிறது.
4. அழுத்தப்படவில்லை எனில், தொடக்க வரிசையில் உள்ள சாதனங்களில் இயங்குதளத்தைத் தேடிக் கட்டுப்பாட்டை அதனிடம் ஒப்படைக்கிறது.

பழைய கணினிகளில் அமைப்புகள் மின்கலத்தால் பேணப்படும் சீமாஸ் நினைவகத்தில் இருந்தன. புதிய கணினிகள் பலவற்றில் அவை நிலைபொருள் இருக்கும் பிளாஷ் சில்லிலேயே எழுதப்படுகின்றன. பிளாஷ் நினைவகம் மின்சாரம் இன்றியும் தரவைக் காக்கும். இதனால்தான் சில புதிய கணினிகளில் மின்கலத்தைக் கழற்றி மாட்டினாலும் அமைப்புகளும் கடவுச்சொல்லும் அழிவதில்லை.

அமைவு நிரலுக்குள் நுழைதல்

கணினியை இயக்கியவுடன், இயங்குதளத்தின் சின்னம் தோன்றுவதற்கு முன் உரிய விசையைப் பலமுறை அழுத்த வேண்டும். பரவலாக வழங்கும் விசைகள் பின்வருமாறு.

- டெலிட் விசை: உதிரிப்பாகங்களை வாங்கிக் கட்டப்படும் மேசைக்கணினிகள் பெரும்பாலானவை
- எஃப்2 விசை: டெல், ஏசர், ஏசஸ் மடிக்கணினிகள் பல
- எஃப்10 விசை: எச்பி கணினிகள் பல
- எஃப்1 விசை: லெனோவோ திங்க்பேட் மடிக்கணினிகள்

புதிய கணினிகள் மிக விரைவாகத் தொடங்குவதால் விசையை அழுத்த நேரம் கிடைக்காமல் போகலாம். அந்நிலையில், விண்டோஸ் 8 முதலான பதிப்புகளில் ஷிஃப்ட் விசையை அழுத்தியவாறே மறுதொடக்கம் செய்தால் ஒரு பட்டி தோன்றும். யுஇஎஃப்ஐ கணினியாயின் அதன் மேம்பட்ட தெரிவுகளில் நிலைபொருள் அமைப்புகளுக்குச் செல்லும் வழி இருக்கும்.

முதன்மையான அமைப்புகள்

பட்டிகளின் பெயரும் வரிசையும் தாய்ப்பலகைக்கு ஏற்ப வேறுபடும். எனினும் மெயின், அட்வான்ஸ்டு, பூட், செக்யூரிட்டி, எக்சிட் என்னும் பிரிவுகளைப் பெரும்பாலான நிரல்களில் காணலாம்.

நாளும் நேரமும்

கடிகாரச் சில்லு, விநாடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் படிகத்தைக் கொண்டு நேரத்தைக் கணக்கிடுகிறது. இவ்வெண்ணைத் தொடர்ந்து 15 முறை இரண்டால் வகுத்தால் ஒன்று கிடைக்கும். அதாவது விநாடிக்கு ஒரு துடிப்பு.

ஏடி கணினியின் கடிகாரச் சில்லு ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களை மட்டுமே கணக்கில் வைத்திருந்தது. நூற்றாண்டைக் குறிக்கும் இலக்கங்கள் தனி பைட்டு ஒன்றில் எழுதப்பட்டன. 1999 முடிந்து 2000 பிறந்தபோது பழைய கணினிகள் சில அந்தப் பைட்டைத் தாமாக மாற்றாமல் இருந்ததும் இரண்டாயிரமாம் ஆண்டுச் சிக்கலின் ஒரு பகுதியாகும்.

விண்டோஸ் இக்கடிகாரத்தில் உள்ளூர் நேரம் இருப்பதாகக் கொள்கிறது. லினக்ஸ் வழங்கல்கள் பொதுவாக ஒருங்கிணைந்த அனைத்துலக நேரம் இருப்பதாகக் கொள்கின்றன. ஒரே கணினியில் இரண்டையும் நிறுவியவர்களுக்கு, இந்தியாவிலும் இலங்கையிலும், லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு மாறும்போது கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கிக் காட்டுவது இதனால்தான். இது வன்பொருள் பழுது அன்று. இரண்டு இயங்குதளங்களுள் ஒன்றை மற்றதன் முறைக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

தொடக்க வரிசை

எந்தச் சாதனத்தில் இயங்குதளத்தை முதலில் தேட வேண்டும் என்பதை இது வரையறுக்கிறது. குறுவட்டு அல்லது யுஎஸ்பி நினைவியிலிருந்து புதிய இயங்குதளத்தை நிறுவுவோர் பெரும்பாலும் மாற்றுவது இதனையே. ஒருமுறை மட்டும் வேறு சாதனத்திலிருந்து தொடங்க வேண்டுமெனில் நிலையான வரிசையை மாற்ற வேண்டியதில்லை. எஃப்12, எஃப்11, எஃப்9, எஃப்8 போன்ற விசைகளுள் ஒன்றால் தோன்றும் தற்காலிகப் பட்டி போதுமானது.

வன்தட்டு

முற்காலத்தில் வன்தட்டின் உருளைகள், தலைகள், துண்டங்கள் ஆகியவற்றின் எண்ணிக்கையைப் பயனரே அமைவு நிரலில் எழுத வேண்டியிருந்தது. பயாஸுக்கும் வன்தட்டு இடைமுகத்திற்கும் இருந்த வரம்புகள் சேர்ந்து 1,024 உருளைகள், 16 தலைகள், 63 துண்டங்கள் என்னும் எல்லையை ஏற்படுத்தின. துண்டம் ஒன்றுக்கு 512 பைட்டு வீதம் பெருக்கினால் 52,84,82,304 பைட்டு, அதாவது ஏறத்தாழ 528 மெகாபைட்டு. அதற்கு மேற்பட்ட வன்தட்டுகள் 1990களின் நடுப்பகுதியில் பரவியபோது, துண்டங்களுக்கு வரிசையாக எண்ணிடும் முறை இந்த எல்லையைக் கடக்க உதவியது.

இன்று வன்தட்டைப் பயாஸ் தானாகவே அறிந்துகொள்கிறது. எஞ்சியிருப்பது, சாட்டா கட்டுப்படுத்தி எம்முறையில் இயங்க வேண்டும் என்னும் தெரிவு. ஐடிஇ, ஏஎச்சிஐ, ரெய்டு என்பன அம்முறைகளாகும். விண்டோஸை ஒரு முறையில் நிறுவிவிட்டுப் பின்னர் வேறு முறைக்கு மாற்றினால் நீலத்திரைப் பிழை தோன்றிக் கணினி தொடங்காமல் போகலாம். புதிய முறைக்குரிய இயக்கி மென்பொருள் தொடக்கத்திலேயே ஏற்றப்படாததே இதற்குக் காரணம். பழைய முறைக்குத் திருப்பினால் கணினி வழக்கம்போல் தொடங்கும். தரவு எதுவும் அழிவதில்லை.

தொடக்க முறையும் பாதுகாப்பான தொடக்கமும்

யுஇஎஃப்ஐ கணினிகள் சிலவற்றில் பழைய பயாஸ் போல நடந்துகொள்ளும் லெகசி என்னும் முறையும் உண்டு. பழைய முறையில் வழங்கும் எம்பிஆர் என்னும் தட்டுப் பிரிப்பு அட்டவணை, 512 பைட்டுத் துண்டங்களைக் கொண்ட தட்டில் ஏறத்தாழ 2.2 டெராபைட்டு வரை மட்டுமே முகவரியிடும். யுஇஎஃப்ஐயுடன் வந்த ஜிபிடி அட்டவணைக்கு இவ்வெல்லை இல்லை.

செக்யூர் பூட் எனத் திரையில் காணப்படும் பாதுகாப்பான தொடக்கம், நம்பத்தக்க கையொப்பம் உள்ள தொடக்க நிரல்களை மட்டுமே இயங்க விடும். 2012இல் விண்டோஸ் 8 வெளிவந்தபின் இது பரவலாயிற்று. 2021இல் வெளிவந்த விண்டோஸ் 11, பாதுகாப்பான தொடக்கத்திற்கு இடமளிக்கும் யுஇஎஃப்ஐயையும், மறைத் திறவுகோல்களைக் காக்கும் டிபிஎம் 2.0 என்னும் வன்பொருளையும் வேண்டுகிறது.

செயலியும் நினைவகமும்

மெய்நிகர் கணினிகளை இயக்க உதவும் செயலி வசதி சில கணினிகளில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். அதனை இங்கு இயக்கலாம். நினைவகத் தகட்டில் உள்ள சிறு சில்லு ஒன்று, அத்தகடு எவ்வேகங்களில் இயங்கும் என்பதைப் பயாஸுக்குத் தெரிவிக்கிறது. பெட்டியில் அச்சிடப்பட்ட உயர்வேகம் பல நேரங்களில் தானாக நடைமுறைக்கு வருவதில்லை. எக்ஸ்எம்பி போன்ற தெரிவை இயக்கினாலே கிடைக்கும். செயலியைத் தயாரிப்பாளர் வரையறுத்த வேகத்திற்கு மேல் இயக்குதல் ஓவர்கிளாக்கிங் எனப்படும். வேகம் மிகுந்தால் கணினி நிலைகுலையும், அதனை மீட்டுவிடலாம். ஆனால் மின்னழுத்தத்தை அளவுக்கு மீறிக் கூட்டினால் சில்லு நிலையாகப் பழுதுபடக்கூடும்.

கடவுச்சொல்

பொதுவாக இரண்டு வகைக் கடவுச்சொற்கள் உள்ளன. ஒன்று அமைவு நிரலை மாற்றுவதைத் தடுக்கும். மற்றொன்று கணினி தொடங்குவதையே தடுக்கும். இவை வன்தட்டில் உள்ள தரவை மறையாக்கம் செய்வதில்லை. வன்தட்டைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் தரவைப் படிக்க முடியும். சில கணினிகளில் வன்தட்டுக்கெனத் தனிக் கடவுச்சொல்லும் இடலாம். அது வன்தட்டிலேயே பதியும் என்பதால் வேறு கணினிக்கு மாற்றினாலும் தொடர்ந்து கேட்கும்.

திருப்பத்தக்க மாற்றங்களும் திருப்ப இயலாத மாற்றங்களும்

தொடக்க வரிசை, நேரம், சாட்டா முறை, யுஇஎஃப்ஐ அல்லது லெகசி முறை, நினைவக வேகம் ஆகிய அமைப்புகள் தவறாக இருந்தால் கணினி தொடங்காமல் நிற்கலாம். ஆனால் அவற்றை மாற்றியதனால் மட்டும் வன்தட்டில் உள்ள கோப்புகள் அழிவதில்லை. கணினி தொடங்கவில்லை என்பதற்காக உடனே இயங்குதளத்தை மீண்டும் நிறுவுவது தேவையற்றது. கோப்புகள் இழக்கப்படுவது பெரும்பாலும் அம்மறுநிறுவலின் போதுதான்.

பின்வருவனவற்றை மீட்பது அரிது, அல்லது இயலாது.

- டிபிஎம்மில் உள்ள திறவுகோல்களை அழித்தல். பிட்லாக்கர் போன்ற முறையால் வன்தட்டு மறையாக்கப்பட்டிருந்தால், 48 இலக்க மீட்புத் திறவுகோல் கையில் இல்லாதபோது தரவைப் பெற இயலாது. பாதுகாப்பான தொடக்கத்தை அணைத்தாலும் இத்திறவுகோல் கேட்கப்படலாம். ஆதலால் இவற்றை மாற்றும் முன் அதனை வேறிடத்தில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.
- வன்தட்டுக் கடவுச்சொல்லை மறத்தல். மின்கலத்தைக் கழற்றினாலும் இது நீங்காது.
- ரெய்டு தொகுதியை நீக்குதல் அல்லது புதிதாக உருவாக்குதல். தட்டுகளில் உள்ள தரவு கைவிட்டுப் போகலாம்.
- அமைவு நிரல் சிலவற்றில் உள்ள வன்தட்டைப் பாதுகாப்பாக அழிக்கும் வசதி.
- நிலைபொருளை இற்றைப்படுத்தும்போது மின்சாரம் தடைப்படுதல்.

இயல்பிருப்பு நிலைக்குத் திருப்புதல்

அமைவு நிரலுக்குள் நுழைய முடிந்தால், எக்சிட் பிரிவில் இயல்பிருப்பு மதிப்புகளை ஏற்றும் தெரிவு இருக்கும். பல நிரல்களில் எஃப்9 அல்லது எஃப்5 விசையும் இதனைச் செய்யும். மாற்றியவற்றைச் சேமிக்காமல் வெளியேறும் தெரிவும் உண்டு. எதை மாற்றினோம் என்பதில் ஐயம் ஏற்பட்டால் அதுவே சிறந்த வழியாகும். மாற்றம் செய்யும் முன் ஒவ்வொரு திரையையும் ஒளிப்படம் எடுத்து வைப்பது பிற்பாடு பெரிதும் உதவும்.

திரையே தோன்றாத நிலையில், மேசைக்கணினியின் மின்னிணைப்பைப் பிடுங்கிவிட்டு, தாய்ப்பலகையில் சீமாஸை அழிப்பதற்கென உள்ள ஜம்பர் முனைகளைக் கையேட்டில் கூறியவாறு இணைக்க வேண்டும். அத்தகைய முனைகள் இல்லாவிடில் மின்கலத்தைச் சில நிமிடங்கள் கழற்றி வைக்கலாம். இதற்குப்பின் சாட்டா முறையும் தொடக்க முறையும் மாறியிருக்கலாம் என்பதால் அவற்றை முன்பிருந்தவாறு அமைக்க வேண்டும்.

மின்கலம்

பெரும்பாலான மேசைக்கணினிகளில் சிஆர்2032 என்னும் 3 வோல்ட்டு லித்தியம் நாணய மின்கலம் பயன்படுகிறது. அது வலுவிழந்தால், கணினியை இயக்கும் ஒவ்வொரு முறையும் நாள் பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றிருக்கும். சரிபார்ப்புத் தொகைப் பிழையும் திரையில் தோன்றலாம். நாள் தவறாக இருப்பதால் இணைய உலாவி, வலைத்தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் இன்னும் செல்லுபடியாகவில்லை எனக் கூறித் தளங்களைத் திறக்க மறுக்கும். இணைய இணைப்பில் பழுது எனப் பலர் கருதும் இச்சிக்கல், விலை குறைந்த இம்மின்கலத்தை மாற்றினால் தீர்ந்துவிடும்.

நிலைபொருளை இற்றைப்படுத்தல்

தொடக்கக் கணினிகளில் பயாஸ், மாற்றி எழுத இயலாத சில்லில் இருந்தது. 1990களில் பிளாஷ் சில்லு வழக்கிற்கு வந்தபின் பயனரே புதிய பதிப்பை எழுத முடிந்தது. இவ்வசதியே ஓர் ஆபத்தையும் உடன் கொணர்ந்தது. 1998இல் தாய்வானைச் சேர்ந்த சென் இங்-ஹாவ் என்னும் மாணவர் எழுதிய சிஐஎச் நச்சுநிரல், 1999 ஏப்ரல் 26 அன்று பல நாடுகளில் கணினிகளைத் தாக்கியது. அது வன்தட்டின் தொடக்கப் பகுதியை அழித்ததோடு, சில வகைத் தாய்ப்பலகைகளில் பயாஸ் சில்லையும் குப்பைத் தரவால் நிரப்பியது. அக்கணினிகள் தன்சோதனையைக்கூடச் செய்ய இயலாமல் நின்றன. அமைவு நிரலும் அதே சில்லில் இருந்தமையால் அதனைக் கொண்டு மீட்கவும் வழியில்லை. சில்லை மாற்றவோ வெளிக்கருவியால் மீண்டும் எழுதவோ வேண்டியதாயிற்று.

பிற்காலத் தாய்ப்பலகைகளில் கையொப்பச் சரிபார்ப்பு, இரண்டாம் சில்லு, யுஎஸ்பி நினைவியிலிருந்து மீட்கும் வசதி போன்ற பாதுகாப்புகள் சேர்க்கப்பட்டன. எனினும் எல்லாக் கணினிகளிலும் இவை இல்லை. ஆதலால் தாய்ப்பலகையின் சரியான மாதிரி எண்ணுக்குரிய கோப்பையே பயன்படுத்த வேண்டும். மின்வெட்டு நேரக்கூடிய இடங்களில் மேசைக்கணினியை தடையிலா மின்வழங்கியுடனும், மடிக்கணினியை மின்கலம் நிறைந்த நிலையில் மின்னேற்றியுடனும் இணைத்த பின்னரே இதனைத் தொடங்க வேண்டும். எழுதி முடியும்வரை கணினியை அணைத்தல் கூடாது.

இவற்றையும் பார்க்க

- தாய்ப்பலகை
- நிலைபொருள்
- பிளாஷ் நினைவகம்
- இயங்குதளம்
- இரண்டாயிரமாம் ஆண்டுச் சிக்கல்